பீரோ அண்ணனின் முழங்கால்

அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, இரண்டு பேர் தொடத் தயங்கிய இரும்பு பீரோ ஒன்றைத் தன்னந்தனியாக முதுகில் சாய்த்துக்கொண்டு மாடியிலிருந்து இறக்கிவிட்டார். கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்காரர் உள்ளே இருந்த துணிமணியை எடுக்கவே இல்லை என்று. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இருபது வருஷமாகப் போகவில்லை. சின்னவர்கள் ‘பீரோ அண்ணே’ என்பார்கள். முதலாளி ‘யோவ் பீரோ’ என்பார். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அதே கம்பெனியில்தான் அவருடைய மச்சினனும் வேலை பார்த்தான். மனைவியின் ஒரே தம்பி. சேர்த்துவிட்டதே இவர்தான். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஜோடி. கனமான சாமான் என்றால் இவர் கீழே, அவன் மேலே. படியில் இறக்கும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்பவன்மேல்தான் விழும். மேலே நிற்பவன் சாமானைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி விடவேண்டும். இவர்களுக்குள் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்காது. இவர் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தால் அவன் அங்கேயே நிறுத்துவான். “கட்டிக்கிட்டது அக்காவை, குடும்பம் நடத்துறது தம்பியோட” என்று வண்டி ஓட்டுநர் கிண்டல் செய்வார்.

அந்த ஜோடி பிரிந்தது ஒரு துணி துவைக்கும் மெஷினால்.

நாலாவது மாடி வீடு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கட்டில், மேஜை எல்லாம் இறங்கிவிட்டது. கடைசியாக அந்த மெஷின். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது ஆடாமல் நிற்பதற்காக உள்ளே சிமென்ட் கட்டி வைத்திருப்பார்கள். தூக்கினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். வீட்டுக்காரர் கீழே வண்டிப் பக்கம் நின்றிருந்தார். படிக்கட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாவது மாடி திருப்பத்தில் பீரோ ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தார். மெஷின் நிற்கவில்லை. பெல்ட் சட்டென்று தொய்ந்தது. மெஷின் அவர்மேல் சரிந்து வந்தது. விலகிக் குதித்திருக்கலாம். ஆனால் இருபது வருஷப் பழக்கம், கையில் இருப்பதை விடச் சொல்லாது. சுவரில் முதுகைக் கொடுத்து, வலது காலை ஊன்றித் தாங்கினார். பாதம் ஊன்றிய இடத்திலேயே நின்றது, உடம்பு திரும்பியது. நடுவில் முட்டி மாட்டிக்கொண்டது. பச்சைக் குச்சியை ஒடிப்பதுபோல உள்ளே ஒரு சத்தம்.

மெஷினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இப்போதும் அது எங்கேயோ யாருடைய துணியையோ துவைத்துக்கொண்டுதான் இருக்கும்.

முட்டிக்குள் ஜவ்வு அறுந்து, குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, “எப்படிய்யா ஆச்சு?” என்று கேட்டார். பீரோ நடந்ததைச் சொன்னார். முதலாளி பக்கத்தில் நின்ற மச்சினனைப் பார்த்தார்.

“நான் மேல இருந்தேன் சார். மெஷின் மறைச்சுக்கிச்சு. ஒண்ணும் பாக்கல” என்றான் அவன்.

படுத்திருந்த பீரோ தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. மாமியார் மட்டும் வாரம் ஒரு தடவை பழப் பையோடு வந்து, “அவன்தான் குடுத்துவிட்டான்” என்பார். “பழத்துக்குக் கால் இருக்கு, அவனுக்கு இல்லையா?” என்று பீரோவின் மனைவி கேட்பாள். மாமியார் பழத்தைக் கழுவப் போய்விடுவார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பவர்களிடம் ரத்தம் எடுப்பாள். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பெயர். புருஷன் படுக்கையில் விழுந்த பிறகு மாலையில் இன்னொரு நிலையத்துக்கும் போக ஆரம்பித்தாள். இடையில் மூன்று மணி நேரம் வீட்டுக்கு வந்து சமைத்து, அவருடைய காலை மடக்கி நீட்டி, ஐஸ் வைத்துவிட்டு ஓடுவாள்.

“நூத்திப் பத்து டிகிரி மடங்கணும்னு சொல்லிருக்காங்க. நீங்க எண்பதுலயே முகத்தைச் சுளிக்கிறீங்க.”

“உனக்கு வலிச்சா தெரியும்.”

“ஊர்ல இருக்கறவங்க எல்லாம் என்கிட்ட இதைத்தான் சொல்றாங்க. ம், மடக்குங்க.”

நாலு மாதம் இப்படிப் போயிற்று. கைத்தடி ஊன்றித் தெருமுனை வரை போய்வர ஆரம்பித்திருந்தார். இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனுவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில் வந்தது அப்போதுதான். வேலையில் அடிபட்டதற்குப் பார்த்த சாட்சி இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்பே முட்டி வலி என்று ஆபீசில் தைலம் வாங்கியதும், இரண்டு நாள் லீவு போட்டதும் பதிவில் இருக்கிறது. ஆகவே இது வயசான முட்டியின் தேய்மானம் என்று எழுதியிருந்தார்கள்.

பீரோ அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “நாப்பத்தாறு வயசுல என்னைக் கெழவன் ஆக்கிட்டாங்க” என்றார்.

“தைலம் வாங்கினதெல்லாம் எழுதி வெச்சிருக்கானுங்க பாருங்க” என்றாள் மனைவி. “தூக்கின பீரோவை ஒருத்தனும் எழுதி வைக்கல.”

ஒரு வாரம் கழித்து முதலாளியே வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசினார். அப்புறம் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். இன்சூரன்ஸ்காரர்கள் பெரிய மனசு பண்ணி ஏதோ தருகிறார்கள், நாலு மாதச் சம்பளம், கையெழுத்துப் போட்டால் பத்து நாளில் கைக்கு வந்துவிடும் என்றார்.

“கேஸு அது இதுன்னு போனா வருஷக் கணக்கா இழுக்கும்யா. எனக்கும் பிரீமியத்தை ஏத்திடுவான். இதோட எல்லாருக்கும் தலைவலி விட்டுச்சு.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பீரோவின் கல்யாணத்துக்கு வண்டி கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல பீரோவுக்கு வாய் வரவில்லை. பேனாவைக் கையில் வாங்கிவிட்டார்.

“படிச்சுப் பாத்துட்டு நாளைக்குக் குடுக்கறோம் சார்” என்று மனைவி பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேனா அவர் கையிலேயே இருந்தது. முதலாளி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் இருவரும் தொழிற்சங்க ஆபீசுக்குப் போனார்கள். வாரத்தில் ஒருநாள் அங்கே ஒரு வக்கீலம்மா உட்காருவார். ஐம்பது வயசிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். பீரோ தயங்கித் தயங்கிச் சுட்டிக் காட்டினார். கண்ணாடி கண்ணுக்கு வந்த பிறகு பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார்.

“இதுல நாலு மாசச் சம்பளம் முதல் வரியில இருக்கு. மூணாவது பக்கத்துல, கீழ, சின்ன எழுத்துல இன்னொண்ணு இருக்கு. படிச்சீங்களா?”

“இல்லம்மா.”

“இந்த முட்டிக்கு இனிமே எந்த வைத்தியம் பாத்தாலும் அது உங்க பொறுப்புன்னு இருக்கு. டாக்டர் என்ன சொன்னார், இனிமேலும் ஆபரேஷன் எதாவது வேணுமா?”

மனைவிதான் பதில் சொன்னாள். “பத்துப் பன்னெண்டு வருஷத்துல முட்டியே மாத்தவேண்டி வரலாம்னு சொன்னாரு.”

“அப்ப இந்தப் பணம் அதுக்கு வாசல்வரைக்கும்கூட வராது.” வக்கீலம்மா பேப்பரை மடித்து வைத்தார். “தேய்மானம்னு சொல்றது பெரிய விஷயமில்ல. இருபது வருஷம் பாரம் தூக்கினா முட்டி வலிக்கத்தான் செய்யும், அது வேற, ஜவ்வு அறுந்தது வேறன்னு டாக்டரே எழுதிக் குடுப்பார். நமக்கு வேண்டியது, அன்னைக்கு அந்தப் படிக்கட்டுல இது நடந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள். யாரும் இல்லையா கூட?”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“இருந்தான்” என்றார் பீரோ. “என் மச்சினன். பாக்கலன்னு சொல்றான்.”

“பாத்தாரா, பாக்கலையா?”

“பெல்ட் அவன் கையிலதான் இருந்துச்சு.”

வக்கீலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். “தன்மேல பழி வந்துடும்னு பயப்படறாரு போல. அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. இந்தச் சட்டம் யாரு தப்புன்னு கேக்கறதில்ல. வேலையில நடந்துச்சா, வேலையால நடந்துச்சா, அவ்வளவுதான் கேள்வி. அவர் கை தவறியிருந்தாலும் சரி, உங்க கால் தவறியிருந்தாலும் சரி, இழப்பீடு இழப்பீடுதான். உண்மையைச் சொன்னா யாரும் அவரைத் தூக்குல போடப்போறதில்ல.”

வெளியே வந்ததும் மனைவி, “நான் போய் அவனை நாலு வார்த்தை கேக்கறேன்” என்றாள்.

“வேண்டாம்” என்றார் பீரோ. “நீ கேட்டா அது அக்கா தம்பி சண்டையாயிடும். நான் போறேன்.”

மச்சினன் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டிடத்தில் லிஃப்டே கிடையாது. அவன் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து, ஒரு சாயங்காலம் பீரோ பஸ்ஸில் போய் இறங்கினார். அடிபட்ட பிறகு அவர் ஏறப்போகும் முதல் முழுப் படிக்கட்டு அதுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பக்கத்தில் இழுத்துச் சேர்த்து, ஒவ்வொரு படியாக. முதல் மாடிக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அவரைத் தாண்டி ஓடின. ஒரு அம்மாள் கதவைத் திறந்து, “தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். வாங்கிக் குடித்தார்.

இரண்டாவது மாடியைத் தாண்டியபோது கீழேயிருந்து தடதடவென்று யாரோ ஏறி வரும் சத்தம். அந்த நடை அவருக்குத் தெரியும். மச்சினன் திருப்பத்தில் வந்து அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். கையில் மதியச் சாப்பாட்டு டப்பா.

“மாமா. நீங்க ஏன் ஏறுனீங்க? ஒரு போன் பண்ணிருந்தா நான் வந்திருப்பேன்ல.”

“நாலு மாசமா பண்ணேன். எடுத்தியா?”

அவன் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

“மேல கூட்டிட்டுப் போவியா, இல்ல இங்கயே உக்காரவா? எனக்கு இதுக்கு மேல ஏற முடியாது மாப்ள, உண்மையைச் சொல்லிடறேன்.”

இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். பீரோ வலது காலை நீட்டிக்கொண்டார். மச்சினன் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பேன்ட்டுக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது.

வக்கீலம்மா சொன்னதைப் பீரோ அப்படியே சொன்னார். யாரு தப்புன்னு யாரும் கேக்க மாட்டாங்க, நடந்ததை மட்டும் சொன்னா போதும், உன் வேலைக்கும் ஒண்ணும் ஆகாது என்றார். சொல்லி முடித்த பிறகும் மச்சினன் அசையவில்லை. பயம் விட்டுப்போன முகமாக அது இல்லை.

“வேலை போயிடும்னு நான் பயப்படல மாமா.”

“பின்ன?”

“போன் அடிச்சுச்சு. சட்டைப் பையில. நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கவனம் சிதறுதுன்னு ஒரு கையை எடுத்து அமுத்தப் பாத்தேன். ஒரு செகண்ட் கூட இல்ல. அதுக்குள்ள பெல்ட் வழுக்கிடுச்சு.” டப்பாவை மடியில் வைத்தான். “அக்காதான் கூப்பிட்டுது.”

கீழே எங்கேயோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பீரோ கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நடந்ததைச் சொன்னா, எதுக்குக் கையை எடுத்தேன்னு கேப்பாங்க. போன்னு சொன்னா யாரு போனுன்னு கேப்பாங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா அது தாங்குமா? உங்களுக்குக் காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு, ரெண்டு வேலைக்கு ஓடிக்கிட்டு இருக்குன்னு அம்மா சொல்லுச்சு. அதுகிட்டப் போய் எப்படிச் சொல்வேன்? அதான் பாக்கலன்னுட்டேன். சொன்னதுக்கப்புறம் உங்க மூஞ்சில முழிக்க முடியல.”

நாலு மாதமாகப் பீரோ மனசுக்குள் இவனிடம் கேட்க வைத்திருந்த வார்த்தைகள் ஏராளம். ராத்திரியில் கால் குடையும்போதெல்லாம் ஒன்றொன்றாகச் சேர்த்து வைத்தவை. இப்போது அதில் ஒன்றுகூட உதவவில்லை. அவன் தோளில் கையைப் போட்டார். போட்டதும் அவன் அழுதுவிட்டான். முப்பத்தெட்டு வயசு ஆள், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு.

“சரி, விடு” என்றார் பீரோ. “உங்க அக்காகிட்ட நான் சொல்றேன். நீ விசாரணைக்கு வந்து உள்ளதைச் சொன்னா போதும். இப்ப என்னைக் கீழ இறக்கிவிடு. நான் சிமென்ட் கட்டி இல்ல, பாத்து.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு படி கீழே இறங்கி நின்றான். “நான் கீழ நிக்கிறேன் மாமா. நீங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க” என்றான்.

மனைவியிடம் சொல்ல பீரோவுக்கு இரண்டு நாள் ஆயிற்று. சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்து, வேறு எதையோ பேசி முடித்தார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போய்விட்டு வாயைத் திறக்காமல் திரும்பினார். கடைசியில் அவளே கேட்டாள். “அவன் என்ன சொன்னான்னு இன்னும் நீங்க முழுசா சொல்லல. வருவான்னு மட்டும் சொன்னீங்க.”

அவர் சொன்னார்.

அவள் அவருடைய காலுக்கு ஐஸ் பையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அப்புறம் மெல்லச் சுற்றி முடித்து, முட்டிமேல் வைத்து, அழுத்திப் பிடித்தாள்.

“எதுக்குக் கூப்பிட்டேன்னு யோசிச்சுப் பாக்கறேன்” என்றாள். “ஞாபகம் வரல. மத்தியானம் சாப்பிட வருவீங்களான்னு கேக்கவா? கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லவா? நீங்க எடுக்கலன்னுதான் அவனுக்கு அடிச்சிருப்பேன்.”

“என் போன் வண்டியில இருந்துச்சு.”

“அவன் எடுக்கலன்னு திரும்பவும் அடிச்சேன். மூணு தடவை. அது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு.”

“நீ கூப்பிட்டதால ஒண்ணும் ஆகல. லிஃப்ட் ஓடியிருந்தா ஆகியிருக்காது. மூணாவதா ஒரு ஆள் இருந்திருந்தா ஆகியிருக்காது. போன் அடிக்கறது தினமும்தான் அடிக்குது.”

அவள் ஐஸ் பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அன்று மாலை வேலைக்குப் போகவில்லை. அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அவள் காரணம் சொல்லாமல் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. இருட்டும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து போனை எடுத்தாள். தம்பி உடனே எடுத்துவிட்டான் போல.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்னவோ சொன்னான். “அதெல்லாம் இருக்கட்டும். நாலு மாசமா இதைத் தலையில வெச்சுக்கிட்டுச் சுத்துனியா லூசு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேர்ந்து அழுதிருப்போம்ல.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “பழம் அனுப்பறதை நிறுத்து. வீட்டுல ஈ மொய்க்குது. நீயே வா.”

முதலாளி கொடுத்த பேப்பரைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, வக்கீலம்மா மூலமாக மனு போட்டார்கள். விசாரணை நடந்த அறை சின்னது. ஒரு நீள மேஜை, ஏழெட்டு நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. இழப்பீட்டு அதிகாரி, பேசும்போது யார் முகத்தையும் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருக்கும் மனிதர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஒரு இளம் வக்கீல், பக்கத்தில் முதலாளி. இந்தப் பக்கம் வக்கீலம்மா, பீரோ, மனைவி. மச்சினன் சலவை செய்த சட்டை போட்டு வந்திருந்தான். அது அவன் உடம்பில் ஒட்டாமல் நின்றது.

அவன் நடந்ததைச் சொன்னான். எந்தப் படி, யார் எங்கே நின்றது, பெல்ட் எந்தக் கையில், எல்லாம். போன் அடித்ததையும் சொன்னான். இளம் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ உங்க கவனக்குறைவாலதான் இது நடந்துச்சு?”

“ஆமா சார்.”

“ஆஸ்பத்திரியில முதலாளி கேட்டப்ப பாக்கலன்னு பொய் சொன்னீங்க?”

“ஆமா சார். பொய்தான். என் கை தவறினதை எல்லார் முன்னாடியும் சொல்ல அன்னைக்குத் தைரியம் வரல. இன்னைக்கு வந்திருக்கு.”

“யாருடைய போன்?”

மச்சினன் வாயைத் திறப்பதற்குள், “நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் பீரோவின் மனைவி. “அவங்க அக்கா. இவரோட மனைவி. எத்தனை தடவை கூப்பிட்டேன்னு போன்ல இருக்கு, மணியோட. பாக்கறீங்களா?”

அதிகாரி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். “காட்டுங்கம்மா.” வக்கீலம்மா போனை வாங்கிக் கொடுத்தார். மூன்று அழைப்புகள், ஒரே நிமிடத்தில். பதினைந்து நிமிடம் கழித்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வண்டிக்கு அழைத்த நேரம் ஏற்கனவே கோப்பில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் அதிகாரி. எழுதினார்.

“கவனக்குறைவு, பொய், இதெல்லாம் இந்த அறைக்கு வேண்டியதில்ல” என்று இளம் வக்கீலிடம் சொன்னார். “வேலை நேரத்துல, வேலை செய்யும்போது அடிபட்டிருக்கு. அதுல உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருக்கா?”

இளம் வக்கீல் பத்து நிமிடம் அவகாசம் கேட்டார்.

வராந்தாவில் வைத்துத்தான் பேரம் நடந்தது. இளம் வக்கீல் போனில் யாருடனோ பேசிவிட்டு வந்து வக்கீலம்மாவிடம் சொல்ல, வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர்களிடம் வந்தார்.

“ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முப்பது மாசச் சம்பளம் மொத்தமா. ஆனா அதோட கணக்கு முடிஞ்சுது, முட்டிக்கு இனிமே அவங்க ஒண்ணும் தரமாட்டாங்க. இன்னொண்ணு, பதினெட்டு மாசச் சம்பளம். வைத்தியம் உங்க ஆயுசு பூரா அவங்க செலவு. முட்டி மாத்தினா அதுவும். ரெண்டுலயுமே, பாரம் தூக்காத வேலை ஒண்ணு கம்பெனி தரணும்னு நான் எழுதிக் கேக்கறேன்.”

முப்பது மாதம் என்று கேட்டதும் பீரோவின் மனசு ஒரு நிமிடம் எங்கேயோ போய்வந்தது. சொந்தமாக ஒரு சின்ன வண்டி. பக்கவாட்டில் தன் பெயர், பட்டப்பெயர்கூட இல்லை, நிஜப் பெயர். பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாத ஆசை. அடுத்தவர் பாரத்தை ஆள் வைத்துத் தூக்கச் சொல்லிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து போகலாம்.

மனைவியைப் பார்த்தார். “நீ என்ன சொல்ற?”

“வண்டியைத்தானே நெனச்சீங்க?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தூக்கத்துல பேரம் பேசுவீங்க.” அவள் சிரிக்கவில்லை. “முட்டி உங்களோடது. நீங்க சொல்லுங்க. நான் எதுக்கும் சரி.”

அவர் காலை மெதுவாக மடக்கிப் பார்த்தார். தொண்ணூறு வரை போயிற்று. அதற்கப்புறம் அது வழக்கமான தன் பேச்சை ஆரம்பித்தது. வண்டி பழசானால் விற்றுவிடலாம். இதை எங்கே கொண்டுபோய் விற்பது?

“பதினெட்டு” என்றார். “வைத்தியம் திறந்தே இருக்கட்டும்.”

இந்தத் தடவை மூன்றாவது பக்கத்தையும் முழுக்கப் படித்தார்கள். மனைவி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். ஒரு இடத்தில் ‘வலது’ என்பதற்குப் பதில் ‘இடது முழங்கால்’ என்று அடித்திருந்தார்கள். அவள்தான் கண்டுபிடித்தாள். இளம் வக்கீல் முகம் சிவக்கத் திருத்திக் கொடுத்தார். பீரோ தன் நிஜப் பெயரைக் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது முதலாளி பக்கத்தில் வந்தார். கைத்தடிக்குத் தோதாகத் தானும் ஒவ்வொரு படியாக இறங்கினார். “தேய்மானம்னு அவன் எழுதினப்ப நான் இல்லன்னு சொல்லிருக்கணும்யா” என்றார். “பிரீமியத்தை நெனச்சேன். உன்னை நெனக்கல.” பீரோ தலையை ஆட்டினார். அதற்குமேல் இரண்டு பேருக்குமே அந்தப் பேச்சை வளர்க்கத் தெரியவில்லை.

பாரம் தூக்காத வேலை என்றால் என்ன கொடுப்பது என்று முதலாளிக்குக் கொஞ்ச நாள் குழப்பம். போன் எடுக்க வைத்துப் பார்த்தார். பீரோ எல்லோரிடமும் பத்து நிமிடம் பேசினார். கடைசியில், மாற்றவேண்டிய வீட்டுக்கு முன்கூட்டியே போய்ச் சாமானைப் பார்த்து, எத்தனை ஆள், எவ்வளவு நேரம், எந்த வண்டி என்று எழுதிக்கொண்டு வரும் வேலையைக் கொடுத்தார். அதுவரை அதை ஒரு ஆபீஸ் பையன் போனிலேயே கேட்டு எழுதிவந்தான். வாரத்துக்கு ஒரு சோபா கதவில் மாட்டிக்கொள்ளும்.

பீரோ ஒரு அறைக்குள் நுழைந்தால் போதும். இந்தக் கட்டில் நிமிர்த்தினால் போகும், இந்த அலமாரி கதவைக் கழற்றாமல் போகாது, இந்தக் கண்ணாடி மேஜையைத் தூக்கினால் நடுவில் விரிசல் விடும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். அளவு நாடாவைச் சும்மா மரியாதைக்கு எடுத்து நீட்டுவார். இரண்டு மாதத்தில் ஒரு சோபாகூட மாட்டவில்லை. அடிபட்டவர் யாரும் இல்லை.

தகராறு ஒன்றே ஒன்றில்தான். லிஃப்ட் இல்லாத வீட்டில் கனமான சாமான் எது இருந்தாலும் ‘ஆள் மூணு’ என்று எழுதினார். முதலாளி அந்தத் தாளை மேஜையில் போட்டார்.

“ஒரு பிரிட்ஜுக்கு மூணு ஆளா? கட்டுப்படி ஆகாதுய்யா. ரெண்டுன்னு மாத்து.”

“மாத்த மாட்டேன் சார்.”

“நீ ஒருத்தனா பீரோவையே இறக்கினவன்.”

“அது தப்பு சார். அன்னைக்கே யாராவது சொல்லிருக்கணும்.” பீரோ தாளை எடுத்து நேராக வைத்தார். “மேல ஒருத்தன் கையை எடுத்தா பிடிக்க இன்னொருத்தன் வேணும். மனுஷன்னா கையை எடுக்கத்தான் செய்வான். தும்மல் வரும், வியர்வை கண்ணுல விழும். ரெண்டு ஆள் போட்டு அனுப்பறதா இருந்தா வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க. என் கையெழுத்துல வேண்டாம்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து மேஜையில் சாவி வாங்க வந்திருந்த மச்சினனும், ஓட்டுநரும், இன்னும் இரண்டு பேரும் சாவியைத் தேடுவதுபோல் அங்கேயே நின்றார்கள்.

“போட்டுத் தொலை” என்றார் முதலாளி. “கிழக்குத் தெருவுல ஒரு ஸ்கூல் லைப்ரரி மாத்தணுமாம். போய்ப் பாத்துட்டு வா. புஸ்தகம்னா கனம் இல்லன்னு நெனச்சுடாத.”

பீரோ அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.